துரை கொடுத்த கடிகாரமா? சப்ரகமுவ தோட்டக் குடும்பங்களின் பழைய சங்கிலிக் கடிகாரங்களுக்கு வயது காண்பது

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டக் குடும்பம் ஒன்றில் பழைய சங்கிலிக் கடிகாரம் மிஞ்சியிருந்தால், அதோடு ஒரு கதையும் மிஞ்சியிருக்கும். பெரிய கங்காணியாயிருந்த பூட்டனுக்கு, துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்தது என்பது ஒரு கதை. களனிவெளி ரயிலில் வேலை பார்த்த சொந்தக்காரருக்குக் கிடைத்தது என்பது இன்னொன்று. கடல் கடந்து வந்தபோதே மடியில் முடிந்து கொண்டுவந்தது என்பது மூன்றாவது. மூன்றுமே நடந்திருக்கக் கூடியவை. மூன்றையும் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு.

சோதனையில் இறங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கடிகாரத்துக்கு ஒரே வயது கிடையாது. உள்ளே ஓடும் மெஷின் ஓர் ஆண்டில் செய்யப்பட்டிருக்கும். அதை மூடியிருக்கும் வெள்ளிக் கூடு வேறோர் ஆண்டில், சில சமயம் வேறொரு கண்டத்தில் செய்யப்பட்டிருக்கும். கடையில் விலைபோனது அதற்குப் பிறகு. குடும்பத்தின் கைக்கு வந்தது கடைசியில். முதல் இரண்டையும் உலோகமே சொல்லிவிடும். பின்னிரண்டையும் ஊர் வரலாற்றிலும் குடும்பத்துக் காகிதங்களிலும்தான் தேட வேண்டும். "கடிகாரம் 1900இல் செய்தது, அதனால் எங்கள் பூட்டன் 1900இலேயே இந்தத் தோட்டத்தில் இருந்தார்" என்ற கணக்கு பிசகுவது, இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான்.

காந்தியின் கடிகாரமே இதற்கு நல்ல சான்று. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் அவருடைய பொருட்கள் சில ஏலத்துக்கு வந்தன. மூக்குக்கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவற்றோடு ஸெனித் நிறுவனத்தின் வெள்ளிச் சங்கிலிக் கடிகாரமும் அதில் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து 18 லட்சம் டாலருக்கு விஜய் மல்லையா ஏலம் எடுத்தார். அந்தக் கடிகாரம் செய்யப்பட்டது ஏறத்தாழ 1910இல். காந்திக்கு அதைக் கொடுத்தவர் இந்திரா காந்தி என்பது அதனோடு சேர்ந்து வந்த செய்தி. இந்திரா பிறந்ததே 1917இல். ஆகவே செய்த ஆண்டுக்கும் கைமாறிய ஆண்டுக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருந்தே தீர வேண்டும். உலகறிந்த மனிதர் ஒருவரின் கடிகாரத்துக்கே இப்படியென்றால், லயத்துப் பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு அந்த இடைவெளி இருபது, முப்பது ஆண்டுகளாக இருப்பதில் வியப்பில்லை. துரைமார் தாங்கள் கட்டிய பழைய கடிகாரத்தைக் கொடுத்திருக்கலாம். கொழும்பில் இரண்டாம் கையாக வாங்கியிருக்கலாம். அடகில் மூழ்கியதை ஒருவர் மீட்டிருக்கலாம்.

நூறு ஆண்டுகளுக்கு முந்திய தோட்டத்தில் தொழிலாளிக்கு நேரம் காது வழியாகத்தான் வந்தது. விடியுமுன் தப்பு அடிக்கும். பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைய பேர், அதாவது நாள் கூலிக்கான பதிவு, போகும், அல்லது அரைப்பேரோடு நிற்கும். கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இந்தக் கெடு இன்னும் இறுக்கமானது; வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். நேரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் துரை, கிளாக்கர், டீமேக்கர், கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. கோட்டும் தலைப்பாகையுமாகப் படத்துக்கு நின்ற பெரிய கங்காணியின் மார்பில் தொங்கிய சங்கிலி, யாருடைய பேர் விழும், யாருடைய பேர் விழாது என்று சொல்லும் அதிகாரத்தின் அடையாளமாகவும் இருந்தது.

விலையையும் பார்க்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து ஆண் ஒருவரின் நாள் கூலி 33 சதம் அளவில் இருந்தது. மலிவுக்குப் பேர்போன இங்கர்சால் நிறுவனம் பிரிட்டனில் ஐந்து ஷில்லிங்குக்குச் சங்கிலிக் கடிகாரம் விற்றது. ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய மாற்று விகிதப்படி அது 3 ரூபாய் 75 சதம். கப்பல் செலவும் கடைக்காரரின் லாபமும் சேராமலே 11 நாள் கூலிக்கு மேல். வெள்ளிக் கூடு போட்ட நல்ல கடிகாரமோ இதைப்போலப் பல மடங்கு. இந்தக் கணக்கு ஒரு விஷயத்தை விளக்குகிறது. வீட்டில் இருப்பது நிக்கல் கூடு போட்ட மலிவான கடிகாரம் என்றால், அதற்கு ஒரு துரையைத் தேட வேண்டியதில்லை. பால் வெட்டியோ கொழுந்தெடுத்தோ சேர்த்த காசில் வீட்டுக்காரரே வாங்கியிருக்க முடியும். துரையின் தயவைவிட இந்த வரலாறுதான் பெருமைக்குரியது. ஆனால் குடும்பக் கதைகளில் அது அபூர்வமாகவே இடம் பிடிக்கிறது.

இனி கடிகாரத்தைத் திறக்கலாம். முகப்பில் இருக்கும் பெயரை உடனே நம்பிவிடக் கூடாது. அது பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். கடையின் பெயர் வேறு, செய்த தொழிற்சாலை வேறு. பின்மூடி சிலவற்றில் கீல் வைத்து, நகம் நுழையும் ஒரு விளிம்போடு இருக்கும். சிலவற்றில் அழுத்தி மூடியிருக்கும். இன்னும் சிலவற்றில் மரை போட்டிருக்கும். கத்தி முனையால் நெம்பினால் விளிம்பு பிளந்துவிடும். பழகிய கடிகாரக்காரரின் கையால் திறப்பதே நல்லது. பின்மூடிக்கு உள்ளே இரண்டாவதாக ஒரு மூடி இருந்து, அதில் சிறு துளையும் இருந்தால், அது தனிச் சாவியால் சாவி கொடுத்த கடிகாரம். தலையிலுள்ள குமிழைத் திருகிச் சாவி கொடுக்கும் வகை 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பரவலாயிற்று. ஆங்கிலேயக் கடிகாரத் தொழிலாளர்கள் மட்டும் பழைய சாவியை எளிதில் விடவில்லை. ஆகவே துளை இருப்பது பழமைக்கு அடையாளம். முடிவான சாட்சி என்று கொள்ள முடியாது.

மூடிக்குள் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று கூட்டின் மேல், மற்றது மெஷினின் மேல். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கூட்டின் எண்ணை எடுத்துக்கொண்டு பட்டியலில் தேடினால் ஐம்பது ஆண்டு தவறிப்போகலாம். வயது சொல்வது மெஷினின் எண்.

அமெரிக்காவின் வால்தம் கடிகாரங்கள் இதற்கு எளிய பாடம். இந்த நிறுவனம் தன் மெஷின்களுக்குத் தொடர் எண் இட்டது: பத்து லட்சமாவது ஏறத்தாழ 1877இல், ஒரு கோடியாவது 1901ஐ ஒட்டி, இரண்டு கோடியாவது ஏறத்தாழ 1915இல். நிறுவனம் தன் பெயரை மாற்றிக்கொண்டதும் உதவுகிறது. 1885 வரை 'அமெரிக்கன் வாட்ச் கம்பெனி', பிறகு 1906 வரை 'அமெரிக்கன் வால்தம் வாட்ச் கம்பெனி', அதன்பின் 'வால்தம் வாட்ச் கம்பெனி'. எண் தேய்ந்துபோயிருந்தாலும் மெஷினில் பொறித்த பெயரைக் கொண்டு காலத்தைக் குறுக்கிவிடலாம்.

பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் விற்ற வால்தம் பலவற்றுக்கு மெஷின் அமெரிக்கா, கூடு பர்மிங்காம். வால்தம் நிறுவனத்தின் தொடக்க காலத்து மூலவர்களில் ஒருவரான ஆரோன் டெனிசன் பின்னாளில் இங்கிலாந்துக்குப் போய், 1874இல் பர்மிங்காமில் கூடு செய்யும் தொழிலைத் தொடங்கினார். 'ஏ.எல்.டி.' என்ற மூன்றெழுத்து முத்திரை அந்தப் பட்டறையினுடையது. அப்படி ஒரு வெள்ளிக் கூடு கிடைத்தால், கண்லென்சு வைத்துப் பார்க்க வேண்டிய குறிகள் நான்கு: செய்தவரின் எழுத்து, நடக்கும் சிங்கம், நங்கூரம், ஒற்றை எழுத்து. சிங்கம் ஸ்டெர்லிங் வெள்ளியைக் குறிக்கும். நங்கூரம் பர்மிங்காம் சோதனைச் சாலை. ஒற்றை எழுத்துத்தான் ஆண்டு. 1900இல் சிறிய 'ஏ'யில் தொடங்கி, 'ஜே'யை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஓர் எழுத்தாக 1924இல் 'இஸட்' வரை பர்மிங்காம் போனது. 1925இல் பெரிய 'ஏ'. சோதனை ஆண்டு ஜூலையில் தொடங்கியதால், சிறிய 'கே' என்றால் 1909 ஜூலைக்கும் 1910 ஜூலைக்கும் இடையில் முத்திரையிட்டது. உள்ளே மெஷினின் எண் ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சத்தை ஒட்டி இருந்தால் அதுவும் 1910க்குச் சற்று முன்பின்னாகவே வரும். இப்படி இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போனால் அது கூடு மாற்றப்படாத கடிகாரம் என்று துணிந்து சொல்லலாம். பத்து, இருபது ஆண்டு முரண்பட்டால் இடையில் யாரோ பழைய மெஷினுக்குப் புதுக் கூடு போட்டிருக்கிறார்கள். அந்த மாற்றமும் அதன் வரலாற்றில் ஒரு பகுதி.

அதே பட்டறையின் பொன்முலாம் கூடுகளில் சந்திரனோ நட்சத்திரமோ பொறித்து, 20 ஆண்டு, 10 ஆண்டு என்று உத்தரவாதம் எழுதியிருக்கும். அது முலாம் தேயாமல் இருக்கும் காலம். கடிகாரம் வாங்கிய ஆண்டோடு அதற்குத் தொடர்பில்லை. தங்கம் என்று நம்பி அடகுக்கடைக்குக் கொண்டுபோனால் ஏமாற்றமே மிஞ்சும்.

நான்கு குறிகளுக்குப் பதில் கரடி இருந்தால் கடிகாரம் சுவிட்சர்லாந்து பக்கம் திரும்புகிறது. அந்நாட்டின் 1880ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆயிரத்துக்கு 875 பங்கு தூய்மையுள்ள வெள்ளிக்கு நிற்கும் கரடியும் 800 பங்குக்கு ஒரு காட்டுக்கோழியும் முத்திரை. மூன்று கரடிகள் சேர்ந்து, 0.935 என்றும் இருந்தால் இன்னும் நல்லது. பிரிட்டன் 1887இல் வணிகக் குறிச் சட்டத்தை இறுக்கியதும் பிரிட்டிஷ் சந்தைக்காகவே உண்டான முத்திரை அது. 1907 வரைதான் நீடித்தது. இருபது ஆண்டுக்குள் அடங்கிவிடும் இத்தகைய குறி வயது தேடுபவருக்கு ஒரு வரம். 1907 முதல் பிரிட்டனுக்குள் விற்கும் வெளிநாட்டுக் கூடுகள் அங்கேயே சோதிக்கப்பட்டு இறக்குமதி முத்திரை பெற்றன. பர்மிங்காமுக்கு ஒரு முக்கோணம், செஸ்டருக்கு ஓக் மரத்துக் காய். அவற்றில் சிங்கம் இருக்காது. வெள்ளிக் கூடு 1907க்குப் பிந்தியது, ஆனால் பிரிட்டிஷ் முத்திரை எதுவும் இல்லை என்றால், அது லண்டன் வழி வராமல் பம்பாய், கல்கத்தா, கொழும்பு என்று கிழக்குச் சந்தைக்கு நேரே வந்திருக்க வாய்ப்பு அதிகம். துரை சீமையிலிருந்து கொண்டுவந்தது என்ற கதை அங்கே ஆட்டம் காணும்.

கிழக்குச் சந்தை என்றதும் இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். ஃபாவ்ர் லூபா 1865இலேயே இந்தியாவுக்குள் வந்துவிட்டது. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி சுவிட்சர்லாந்தின் சாந்திமியே ஊரில் வேர்கொண்டு, 1886இல் பம்பாயில் கடை திறந்தது. 'பம்பாய், கல்கத்தா' என்று முகப்பிலேயே எழுதி, 'சோவார்' போன்ற பெயர்களில் விற்றது. பட்டாளத்தாருக்கும் ரயில்வேக்காரர்களுக்கும் பழக்கமான பெயர் அது. இந்த வெஸ்ட் எண்ட் கடிகாரங்களில் பலவற்றின் மெஷின் அதே ஊர்த் தொழிற்சாலையான லொஞ்ஜினிலிருந்து வந்தது. லொஞ்ஜின் தன் எண்களைப் பேரேட்டில் பதிந்து வைத்த நிறுவனம். பத்து லட்சமாவது கடிகாரம் 1899இல், ஐம்பது லட்சமாவது 1929இல். எண்ணை அனுப்பிக் கேட்டால், எந்த நாளில் எந்த வியாபாரிக்கு அனுப்பியது என்று அதன் ஆவணக் காப்பகம் இன்றும் பார்த்துச் சொல்கிறது. கடிகாரம் விற்பனைக்கு வந்த இடத்தை இவ்வளவு துல்லியமாக அறிய வேறு வழி கிடைப்பது அரிது.

மாணிக்கம் தோண்டும் இரத்தினபுரியில் மெஷினுக்குள் மின்னும் சிவப்புக் கற்கள் கண்ணைப் பறிப்பது இயல்பு. 'ஜூவல்' 7, 15, 17 என்று எழுதியிருப்பது, சுழலும் அச்சுகள் தேயாமலிருக்க அடியில் வைத்த துளைக் கற்களின் எண்ணிக்கை. கடிகாரத்தில் கல் வைத்துத் தாங்கும் உத்திக்கு 1704இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். முதலில் இயற்கை மாணிக்கம், நீலம், கோமேதகம் போன்றவை பயன்பட்டன. 1902இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஓகுஸ்த் வெர்னே செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டதும், காலப்போக்கில் அதுவே எல்லாக் கடிகாரங்களுக்கும் போனது. கல்லைப் பெயர்த்து விற்றால் காசாகாது, கடிகாரம்தான் கெடும். எண்ணிக்கை கூடினால் மெஷின் தரமானது என்பதற்கு மேல் கல்லுக்கு அங்கே விலையில்லை.

ரயில் கதைக்கு வருவோம். அவிசாவளை வரை 1902இல் வந்த குறுகிய களனிவெளிப் பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் தொட்டது. தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டியும் ரப்பரும் ஏறிப்போன வண்டி அது. ஆகவே இரத்தினபுரிப் பகுதியில் 'ரயில் வாட்ச்' என்ற பேச்சுக்கு இடமுண்டு. ஆனால் பின்மூடியில் எஞ்சின் படம் இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. ரயிலின் துல்லியத்தைக் காட்டி விற்பதற்காக எஞ்சின் படம் போட்ட மலிவுக் கடிகாரங்கள் உலகமெங்கும் ஏராளமாக விற்றன. அவற்றுள் பல, ரோஸ்கோப் 1867இல் சாதாரணத் தொழிலாளிக்கென்று உருவாக்கிய எளிய மெஷினின் வழிவந்தவை. நிர்வாகம் கொடுத்த கடிகாரம் என்றால் படத்தைவிட அதன் பெயரெழுத்துகளும் பதிவு எண்ணும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

இன்னும் இரண்டு விதமான கடிகாரங்கள் சப்ரகமுவவில் கைக்கு வரக்கூடும். பின்புறத்தில் அகன்ற அம்புக்குறியும் ஜி.எஸ்.டி.பி. என்ற எழுத்துகளும் இருந்தால் அது இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ராணுவக் கடிகாரம். 1944இல் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகமே கண்டிக்கு வந்தது. மலாயா ஜப்பானிடம் விழுந்தபின் கேகாலை ரப்பருக்கும் போருக்கும் நேரடித் தொடர்பு. அத்தகைய கடிகாரத்தைப் பூட்டன் காலத்துக்குக் கொண்டுபோக முடியாது. முகப்பில் ரஷ்ய எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் செல்யாபின்ஸ்கின் மொல்னியா. அந்தத் தொழிற்சாலை 1947இல்தான் தொடங்கியது. பழமையான தோற்றம் கொண்ட மூடிகளோடு பல பத்தாண்டுகள் செய்தது.

மூடிக்குள் யாருடைய பெயராவது பொறித்திருந்தால் உலோகத்தை விட்டுக் காகிதத்துக்குப் போக வேண்டிய நேரம். துரையின் பெயரோ தோட்டத்தின் பெயரோ இருந்தால், அந்தக் காலத்து ஃபெர்குசன் டைரக்டரியில் தேடலாம். இலங்கையின் தோட்டங்களையும் அவற்றின் உரிமையாளர்களையும் துரைமாரையும் ஆண்டுவாரியாக அச்சிட்ட நூல் அது. பலாங்கொடையிலோ யட்டியாந்தோட்டையிலோ ஒரு தோட்டத்தில் ஒரு துரை எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தார் என்று அடுத்தடுத்த பதிப்புகளை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கடிகாரம் கைமாறிய ஆண்டு அந்த எல்லைக்குள் வரவேண்டும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் இதற்குச் சரியான இடம்.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கலாம். தோட்டக் குடும்பங்களிடம் காணி உறுதி இருந்ததில்லை, வீடு தோட்டத்தினுடையது. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து வசித்ததைக் காட்டச் சொன்னது: மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு. காகிதம் இல்லாதவர்கள் தவித்தார்கள். 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் லட்சக்கணக்கானோர் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தியா போனார்கள். எடுத்துப் போகக்கூடியவை சிறு பொருட்களே. அப்படி மிஞ்சிய பொருட்களில் தன் மேலேயே தேதியைச் சுமந்திருப்பது கடிகாரம் போல வேறொன்று இல்லை. ஆயினும் அது செய்த ஆண்டைக் குடியேறிய ஆண்டுக்குச் சாட்சியாக நிறுத்தக் கூடாது. பூட்டன் வாழ்ந்த காலத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு அது நின்றுவிடும். குடியேற்றத்தைச் சொல்லப் பழைய செக்ரோல் (வேலைப் பதிவேடு) பிரதி, பற்றுச்சீட்டு, குடியுரிமை விண்ணப்பத்தின் நகல் போன்றவற்றைத்தான் தேட வேண்டும்.

கையாளும்போது சில எச்சரிக்கைகள். இருட்டில் ஒளிர்வதற்குப் பச்சை மஞ்சள் பூச்சுப் பூசிய எண்களும் முட்களும் இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கினாலும் அதன் கதிர்வீச்சு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓயாது. கண்ணாடியைக் கழற்றவோ பூச்சைச் சுரண்டவோ கூடாது. நெடுங்காலம் நின்றிருந்த கடிகாரத்துக்கு முறுக்கிச் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். காய்ந்துபோன எண்ணெயோடு ஓடினால் அச்சு தேயும். வெள்ளியைப் புளியும் சாம்பலும் வைத்துத் துலக்குவதும் வேண்டாம். முத்திரைகள் மங்கிவிடும். பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறியதுபோன்ற மெல்லிய எழுத்துகளும் எண்களும் மறைந்துபோகும். அந்தக் கீறல்கள் பழுதுபார்த்த கைகள் விட்டுப்போன அடையாளம். சில, அடகுக்கடை எண்ணாகவும் இருக்கலாம். எந்த ஊரில் கடிகாரம் திறக்கப்பட்டது என்று சொல்லக்கூடிய ஒரே குறி சில வேளை அதுவே.

ஆகவே வீட்டில் இப்படி ஒரு கடிகாரம் இருப்பவர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்ய வேண்டும். நல்ல வெளிச்சத்தில் முகப்பு, பின்மூடியின் உட்புறம், மெஷின் ஆகிய மூன்றையும் எண்கள் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வீட்டிலுள்ள மூத்தவரிடம், கடிகாரம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று கேட்டு, அவர் சொன்னபடியே, தேதியிட்டு எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். மெஷினின் எண்ணை எத்தனை ஆண்டு கழித்தும் பார்க்கலாம். மூத்தவரிடம் கேட்பதற்குக் காலம் காத்திருக்காது.